பெண் கலைஞர் விழா: அரங்கு வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் அரங்கு சில நாட்களையோ ஒரு மாதத்தையோ ஒதுக்கி, நாடகம், நடனம், இசை, கூத்து, ஓவியம், குறும்படம் என்று பல கலைகளிலும் பெண்களின் படைப்புகளை மட்டும் மேடையேற்றினால், உடனே கேள்விகள் கிளம்பிவிடும். டிக்கெட் கவுண்டரில் கேட்பார்கள், இடைவேளையில் கேட்பார்கள், கலைஞர்களே கேட்பார்கள். அப்படி அடிக்கடி காதில் விழும் கேள்விகளும் என்னால் முடிந்த பதில்களும் இங்கே.

பெண் கலைஞர் விழா என்றால் என்ன? பெண்கள் நடித்தால் போதுமா?

போதாது. பெண்கள் நடிக்கும் நாடகம் எல்லா ஊரிலும் உண்டு. இந்த மாதிரி விழாக்களில் பார்க்க வேண்டியது, படைப்பு யார் கையில் இருக்கிறது என்பதை. எழுதியது யார், இயக்கியது யார், குழுவை நடத்துவது யார், மத்தளம் அடிப்பது யார், லைட் போடுவது யார்? நல்ல விழாவில் இந்தக் கேள்விகளில் பலவற்றுக்குப் பெண்களின் பெயர் பதிலாக வரும். நடிகை மட்டும் பெண், மற்ற எல்லாம் வழக்கம்போல என்றால் அது வழக்கமான நிகழ்ச்சிதான், பேனரின் நிறம்தான் வேறு.

இந்த வழக்கம் எங்கே தொடங்கியது?

ஒரே இடத்தில் என்று சொல்ல முடியாது. நியூயார்க்கில் 1980 அக்டோபரில் ‘விமன்ஸ் ஒன் வேர்ல்ட்’ என்று ஒரு விழா நடந்தது. லோயிஸ் வீவர், பெகி ஷா முதலியோர் ஐரோப்பாவில் பெண்கள் நாடக விழாக்களைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊரிலும் வேண்டும் என்று தொடங்கியது. கையில் காசு கிடையாது. வேஷம் போட்டு வரும் கேளிக்கை விருந்துகள் நடத்தி, அதில் வந்த பணத்தில் விழா எடுத்தார்கள். அந்த விழா முடிந்ததும் கலைந்துபோகாமல், 1982இல் ஒரு கடை முகப்பை வாடகைக்குப் பிடித்து அரங்காக்கினார்கள். ‘வாவ் கஃபே’ என்ற பெயரில் அதிலிருந்து வளர்ந்த அரங்கு மன்ஹாட்டனில் கிழக்கு 4ஆம் தெருவில் நிலைத்தது. விழா அரங்கைப் பெற்றெடுத்தது என்பதால் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். பொதுவாக நடப்பது இதற்கு நேர்மாறாகத்தான்.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஜில் கிரீன்ஹால் 1986இல் தொடங்கிய ‘மாக்தலேனா’, பல நாட்டுப் பெண் நாடகக்காரர்களை இணைக்கும் வலையமைப்பாக வளர்ந்தது. அதன் தொடர்ச்சியாக டென்மார்க்கின் ஹோல்ஸ்டெப்ரோவில் ஜூலியா வார்லி 1992 முதல் ‘டிரான்சிட்’ விழாவை நடத்தத் தொடங்கினார். லண்டன் சவுத்பேங்க் சென்டரில் ஜூட் கெல்லி 2011இல் ஆரம்பித்த ‘விமன் ஆஃப் தி வேர்ல்ட்’ விழா பல நாடுகளுக்கும் பரவியது.

இந்தியாவில் மைசூருவின் ரங்காயணா நாடக நிறுவனம் 2001இல் ‘அக்கா’ என்ற பெயரில் தேசிய அளவில் பெண்கள் நாடக விழா நடத்தியது. 2003இல் டெல்லியில் ஆசியப் பெண் இயக்குநர்களுக்காக ‘பூர்வா’ நடந்தது. சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘வாய்சிங் சைலன்ஸ்’ திட்டத்தில் மீனா சுவாமிநாதனும் அ. மங்கையும் 1990களில் பெண்கள் நாடகப் பணியை முன்னெடுத்தார்கள். ‘குலவை’ என்ற பெண்கள் நாடக விழா அதன் வழியாக வந்ததுதான். நெல் விதை, கடல் வளம் என்று ஆராயும் நிறுவனத்தில் நாடகமா என்று அப்போது பலர் புருவம் உயர்த்தியிருப்பார்கள்.

மேடையில் பெண்கள்தானே நிறைந்திருக்கிறார்கள்? பரதநாட்டியத்தில் ஆண்களைத் தேட வேண்டியிருக்கிறது. தனி விழா எதற்கு?

மிகவும் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

மேடையின் நடுவில் பெண் நிற்பதை யாரும் மறுக்கவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் பாருங்கள். பரதநாட்டியத்தையே எடுத்துக்கொள்வோம். ஆடுவது பரம்பரையாகப் பெண்தான், ஆட்டுவிக்கும் நட்டுவனார் பரம்பரையாக ஆண். வழுவூர் ராமையா பிள்ளையின் மாணவி கே. ஜே. சரசாவை ‘முதல் பெண் நட்டுவனார்’ என்று சொல்வார்கள். அவர் 20ஆம் நூற்றாண்டுக்காரர், நம்மில் பலர் நேரில் பார்த்தவர். நூற்றாண்டுக்கணக்கில் பெண்கள் ஆடிய ஒரு கலையில் தாளம் பிடித்த முதல் பெண் நம் காலத்தில்தான் என்றால், எதற்குத் தனி விழா என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அதிலேயே இருக்கிறது.

கர்நாடக சங்கீதத்திலும் அப்படித்தான். வீணை தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரியைக் கேட்க வித்வான்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு வந்து சேர 1968 ஆயிற்று. அந்தப் பெண் எம். எஸ். சுப்புலட்சுமி. தனம்மாளின் பேத்தியான நடனக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு 1973இல் கிடைத்தது. பெண்ணுக்கு மிருதங்கம் வாசிப்பதில்லை என்றிருந்த பெரிய வித்வான்கள் உண்டு. பாலக்காடு மணி ஐயர் அந்த வழக்கத்தை விட்டு டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்ததை இன்றும் ஒரு சம்பவமாகச் சொல்கிறார்கள். ஒருவர் பாட, இன்னொருவர் வாசித்தார். அது சரித்திரமாகும் அளவுக்கு அன்றைய நிலைமை இருந்தது.

அந்தக் காலத்தில் பெண்கள் சொந்தமாக நாடகக் குழு நடத்தியதே இல்லையா?

நடத்தியிருக்கிறார்கள். பலருக்கு இது தெரியாது, தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு.

கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்று ஒருவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெண்களே நிறைந்த நாடகக் கம்பெனியை நடத்தினார். ராஜா வேஷமும் பெண்தான், மந்திரி வேஷமும் பெண்தான். கம்பெனிக்கு முதலாளியும் அவரே. நாடகம் பார்க்க வெளியூர்க்காரர்கள் ரயிலேறி வந்தார்கள். ஆட்டம் முடிந்து அவர்கள் திரும்புவதற்காக இரவில் ஓடிய ரயிலுக்கே ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர் விழுந்தது என்பார்கள். இன்று எந்த நாடகக் குழுவுக்காவது ஒரு டவுன் பஸ்ஸைப் பத்து நிமிஷம் நிறுத்தி வைப்பார்களா? கடைசிக் காலத்தில் அவர் வறுமையில் வாடி இறந்தார் என்பதும் அந்தக் கதையோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது.

அப்புறம் என்ன ஆயிற்று?

பல விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்து நடந்தன. ஒரு பக்கம் படித்த நடுத்தர வர்க்கத்தின் நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள், பெண் வேஷமும் ஆண்களுடையதே. இன்னொரு பக்கம் பாய்ஸ் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் உருவாக்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்றவற்றில் சிறுவர்கள் எல்லா வேஷமும் கட்டினார்கள். அந்த மரபில் வந்த டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்து ‘அவ்வை சண்முகம்’ என்றே பெயர் பெற்றார். சென்னையில் அந்தப் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் தமிழின் மிகப் பெரிய பெண் புலவர் நாடக மேடையில் ஓர் ஆணின் அடைமொழியாக நிலைத்துவிட்டதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மூன்றாவது பக்கம், தேவதாசி முறைக்கு எதிரான போராட்டம். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் எழுப்பிய குரல் 1947இல் சட்டமாக முடிந்தது. அந்தச் சட்டம் தேவையான சட்டம். ஆனால் அதோடு சேர்ந்து, ஆடுவதையும் பாடுவதையும் தொழிலாகக் கொண்ட குடும்பங்களின் பெண்கள் மேடையிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். 1931இல் மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணி மகள்கள் என்று அறியப்பட்ட, அத்தகைய குடும்பத்துச் சகோதரிகள் ஆடினார்கள். 1935இல், அந்தக் குடும்பங்களுக்கு வெளியிலிருந்து வந்த ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார், மறு வருஷம் கலாக்ஷேத்ராவை நிறுவினார். அடுத்த தலைமுறையில், பரம்பரையாக ஆடிய குடும்பங்களைச் சேர்ந்த ஆட்டக்காரிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோனார்கள். பெண் கலைஞர்களைக் கொண்டாடும்போது எந்தப் பெண்கள் என்று கேட்பதும் அவசியம் என்று நான் நினைப்பது இதனால்தான். சபாக்களின் விழா மலர்களில் இந்தக் கேள்வி அதிகம் வருவதில்லை.

ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் இன்றும் நடிக்கிறார்களே?

ஆமாம். மதுரை, புதுக்கோட்டை பக்கம் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தில் ஸ்திரீபார்ட்டாக, அதாவது கதாநாயகியாக வரும் பெண்கள், தமிழ் நாடகத்தின் முழுநேரத் தொழிலாளிகள். ஒத்திகை கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். மேடையில்தான் சந்திப்பார்கள். தர்க்கம் என்று ஒரு கட்டம் வந்தால் வள்ளியும் முருகனும் மணிக்கணக்கில் சொல்லடி கொடுத்துக்கொள்வார்கள். பேச்சில் தோற்றால் அடுத்த ஊர் புக்கிங் போய்விடும். கே. பி. சுந்தராம்பாள் சினிமாவுக்கு வந்ததும் நாடக மேடையிலிருந்துதான்.

இவ்வளவு திறமையும், வீடு வாடகைக்குக் கேட்டால் ‘நாடகக்காரியா?’ என்ற கேள்வியும் ஒரே ஆளுக்குக் கிடைக்கும். நகரத்துப் பெண் கலைஞர் விழாக்கள் இவர்களை அழைப்பது அபூர்வம். அழைத்தாலும் நாற்பது நிமிஷம் கொடுத்து ‘சுருக்கமாக’ என்று சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க நடப்பதை நாற்பது நிமிஷமாக்கினால் அந்தத் தர்க்கம் இருக்காது, வெறும் பாட்டும் பளபளப்பும்தான் மிஞ்சும். அழைப்பதாக இருந்தால் ஒரு முழு இரவைக் கொடுங்கள் என்பது என் கட்சி.

கூத்து, கதகளி போன்றவை ஆண்களின் கலைகள் அல்லவா? அவற்றில் பெண்கள் வருவது மரபை மீறுவது ஆகாதா?

மரபு என்று ஒன்றைச் சொல்லும்முன் பக்கத்து மாநிலத்தையும் எட்டிப் பார்ப்பது நல்லது. கேரளத்தில் நங்கையார் கூத்து பெண்ணுக்கே உரிய தனி ஆட்டம். கோயிலில் நடக்கும் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தில் பெண் வேஷத்துக்கு நங்கையார் எனப்படும் ஆட்டக்காரிதான், தாளம் பிடிப்பவரும் அவர்தான். ஆக, கோயிலுக்குள்ளேயே பெண் நடித்த மரபு இருந்திருக்கிறது. கதகளியில் இல்லை. அதனால் திருப்பூணித்துறையில் 1975இல் பெண்கள் மட்டுமே கொண்ட கதகளிக் குழு ஒன்று உருவாயிற்று. பீமனும் துச்சாசனனும் அவர்களே. சத்தீஸ்கரில் தீஜன் பாய், பெண்கள் உட்கார்ந்து பாட வேண்டிய பாண்டவானி என்ற மகாபாரதக் கதைப்பாட்டை ஆண்களைப் போல நின்று, தம்பூராவைக் கதாயுதமாகச் சுழற்றிப் பாடினார். சொந்தச் சமூகம் ஒதுக்கி வைத்தது. அரசு 2019இல் பத்ம விபூஷண் கொடுத்தது.

இங்கே காஞ்சிபுரம் பக்கம் நிலைமை கொஞ்சம் வித்தியாசம். கட்டைக்கூத்தில் திரௌபதி முதல் எல்லாப் பெண் வேஷமும் ஆண்கள் கட்டுவதுதான் வழக்கம். பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் சேர்ந்து வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம், 2002இல் குருகுலம் தொடங்கியபோது பெண் பிள்ளைகளையும் சேர்த்தது. பள்ளிப் படிப்பு ஒரு வேளை, கூத்து ஒரு வேளை. அங்கே படித்த பெண்கள் துரியோதனன் வேஷம் கட்டி அடவு போட்டால், உடம்பில் இருக்கும் கனத்த மர அணிகளான கட்டைகளோடு கிறுகிறுவென்று சுற்றும் அந்தச் சுழலுக்கு முன்னால் ‘பெண்ணால் முடியுமா’ என்ற பேச்சு எடுபடாது. ஆனால் கல்யாணத்துக்குப் பின் எத்தனை பேர் ஆட முடிகிறது என்பது வேறு கேள்வி. விடிய விடிய வெளியூரில் நடக்கும் தொழிலுக்கு மருமகளை அனுப்ப நம் வீடுகள் இன்னும் தயாராகவில்லை.

வில்லுப்பாட்டில் குமரி மாவட்டத்துப் பூங்கனியைப் போன்ற பெண்கள் வீசுகோல் எடுத்து வில்லடித்திருக்கிறார்கள். அவர் 2018இல் காலமானார். கொண்டாட வேண்டிய காலத்தில் கொண்டாடாமல் விட்டவர்கள் வரிசையில் அவரையும் சேர்க்க வேண்டும்.

தாள வாத்தியத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

ஆட்டமும் பாட்டும் யார் கையில் இருக்கும் வேகத்தில் நடக்கிறதோ அவரே கச்சேரியின் கடிவாளம். அந்த இடம் பெண்ணுக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது, இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை. திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் வாசித்தார். தாள வாத்தியம் இல்லாவிட்டாலும், மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் கோயில் வாசலில் நாகஸ்வரம் வாசித்ததையும் இங்கே சொல்ல வேண்டும். சுகன்யா ராம்கோபால் கடம் கற்க விரும்பியபோது, பெண் விரலுக்கு அது கஷ்டம் என்றுதான் முதலில் சொன்னார்கள். அவர் கற்று, மேடையேறி, பெண் கலைஞர்களை மட்டும் கொண்டு ‘ஸ்த்ரீ தாள் தரங்’ என்ற குழுவையும் அமைத்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறை அடிக்கிறார்கள். சாவு வீட்டோடு சேர்த்து இழிவாகப் பார்க்கப்பட்ட ஒரு வாத்தியத்தை, அதுவும் பெண்கள், இடுப்பில் சலங்கையோடு நடுத்தெருவில் நின்று அடிக்கும்போது சாதியும் ஆண்பிள்ளைத்தனமும் ஒரே அடியில் வாங்கிக்கொள்கின்றன.

உங்கள் ஊர் விழாவின் அழைப்பிதழைப் பாருங்கள். பாடகி பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். மிருதங்கம், வயலின், கஞ்சிரா என்று கீழே வரும் பெயர்களில் ஒரு பெண்ணாவது இருக்கிறாரா?

எல்லா நாடகமும் பெண் பிரச்சினை பற்றித்தான் இருக்குமா? அழவைத்தே அனுப்பிவிடுவார்களோ?

சில நாடகங்கள் அழவைக்கும். ‘வாய்சிங் சைலன்ஸ்’ மேடையேற்றிய ‘பச்ச மண்ணு’ பெண் சிசுக்கொலையைப் பற்றியது. சீர், சடங்கு, தாலாட்டு என்று ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்தவற்றைக் கொண்டே அமைந்தது. பிரசங்கம் செய்யாமல் சடங்கின் வழியாகப் போனதுதான் அதன் பலம். கவிஞர் இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய ‘ஔவை’ வேறு மாதிரி. தலை நரைத்து, கோலூன்றி, அறம் சொல்லும் கிழவி அதில் இல்லை. சங்கப் பாடல்களில் இருக்கும் இளம் பாணர் குலப் பெண்ணாக, ஊர் ஊராகச் சுற்றுபவளாக, அதியமானோடு கள் பருகிப் பேசுபவளாக வருகிறாள். அதைப் பார்த்து யாரும் அழத் தேவையில்லை. புறநானூற்றை எடுத்து மறுபடி படிக்கத் தோன்றும்.

நகைச்சுவை, துப்பறியும் கதை, சொல்லே இல்லாத உடலசைவு நாடகம், எதுவும் இருக்கலாம். பெண் என்றால் துயரத்தைத்தான் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகைக் கட்டுப்பாடுதான். நல்ல ஒருங்கிணைப்பாளர் மொத்த நிகழ்ச்சிகளில் ஒன்றிரண்டாவது வயிறு வலிக்கச் சிரிக்க வைக்குமாறு பார்த்துக்கொள்வார்.

ஆண்கள் வரலாமா?

வரலாம், வர வேண்டும். டிக்கெட் எல்லாருக்கும் ஒன்றுதான். குழுவில் ஆண்கள் நடிப்பதும் வாசிப்பதும் பெரும்பாலான விழாக்களில் தடையில்லை. பயிற்சிப் பட்டறைகளில் சில மட்டும் பெண்களுக்கென்று ஒதுக்கப்படும்.

திருநங்கைக் கலைஞர்களுக்கு இடம் உண்டா?

இல்லாவிட்டால் அந்த விழாவைச் சந்தேகிக்கலாம். நர்த்தகி நடராஜ் தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் கற்று, பரதநாட்டியத்துக்காக 2019இல் பத்மஸ்ரீ பெற்றவர். லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி ஆகியோர் பங்கேற்றுச் சென்னையில் 2014இல் உருவான ‘பன்மை’ குழு, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி நடித்தது. நம் மேடையில் திருநங்கைகள் என்றால் கேலிக்குரிய பாத்திரம் என்றிருந்த சினிமாப் பழக்கத்துக்கு அது சரியான பதில்.

‘பெண் இயக்குநர்’ என்று அழைப்பதைச் சில கலைஞர்களே விரும்புவதில்லையே?

உண்மை. ‘நான் இயக்குநர், அவ்வளவுதான்’ என்று சொல்பவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. வருஷம் முழுக்கக் கூப்பிடாமல் மார்ச் மாதம் மட்டும் போன் செய்தால் யாருக்கும் எரிச்சல் வரும். புதுச்சேரி ஆதிசக்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கி, 1993இல் புதுச்சேரிக்குக் கொண்டுவந்த குழு. கூடியாட்டம், களரி, மூச்சு, மிழாவு என்ற முரசின் தாளம் என்று பல ஆண்டுகள் உழைத்து நடிகருக்கான ஒரு பயிற்சி முறையையே உருவாக்கினார். ‘பெண்கள் நாடகம்’ என்ற முத்திரை எங்கும் இல்லை. அவர் 2014இல் மறைந்தபின் அவர் நினைவாக ஆதிசக்தி நடத்தும் விழாவில் நாடகம், இசை, நடனம் எல்லாம் வருகின்றன, ஆண் பெண் எல்லாரும் வருகிறார்கள். பெண்ணின் வேலையைக் கௌரவிக்க அதுவும் ஒரு வழி. முத்திரை வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவரைப் பொது விழாவுக்கு அழையுங்கள்.

பெண்கள் தினமான மார்ச் 8ஐ ஒட்டித்தான் நடத்த வேண்டுமா?

வேண்டாம் என்பேன். விளம்பரதாரர் அந்த வாரத்தில் எளிதாகக் கிடைப்பார்கள், அது மட்டும்தான் லாபம். மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை கூத்துக்காரர்களுக்கும் ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கும் திருவிழா சீசன். அவர்களுடைய வருஷ வருமானமே அதில்தான். உங்கள் விழாவுக்கு வந்தால் ஊர்த் திருவிழாவை விட்டுத்தர வேண்டும். மார்கழியில் சங்கீதக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆவணியும் புரட்டாசி முதல் பாதியும்தான் எல்லாருக்கும் ஒத்துவரும்.

சிறிய அரங்கு வைத்திருக்கிறோம். இப்படி ஒரு விழா நடத்த என்னென்ன தேவை?

முதலில் கிரீன் ரூம். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, கண்ணாடிக்கு மேல் லைட் எரிகிறதா, கழிவறைக்கு மேடையைச் சுற்றிக்கொண்டு பார்வையாளர் நடுவே போக வேண்டியிருக்கிறதா? பல அரங்குகளில் இது ஒன்றே விழாவின் யோக்கியதையைக் காட்டிவிடும். பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓர் அறை, ஒரு தொட்டில். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை, யோசனைதான் இல்லை.

அடுத்தது நேரம். நிகழ்ச்சி ஒன்பதரைக்கு முடிந்தால் பறைக்குழுப் பெண்கள் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா? முடியாதென்றால் வேனும் தங்குமிடமும் உங்கள் பொறுப்பு. அதை ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள், ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒத்திகைக்கு மாலை ஆறு மணியைக் கொடுத்தால், வீட்டில் சமையல் யார் தலையில் இருக்கிறதோ அவர்கள் ஓடித்தான் வருவார்கள். காலை பத்து மணியைக் கேட்டுப் பாருங்கள்.

பல கலைகளை ஒரே மாலையில் வைக்கும்போது ஒலியைக் கவனியுங்கள். பறைக்கு மைக் வேண்டாம். அது முடிந்து ஐந்து நிமிஷத்தில் வீணை வைத்தால் ஒருவர் காதிலும் ஏறாது. நடுவில் அரை மணி நேரம் விட்டு, முகப்பில் ஓவியம், புகைப்படக் கண்காட்சி வைத்துக் கூட்டத்தை வெளியே நகர்த்துங்கள். காது ஓய்வெடுக்கும், ஓவியத்தையும் நாலு பேர் பார்ப்பார்கள். வழக்கமாகக் கண்காட்சி காபி ஸ்டாலுக்குப் பின்னால் கிடக்கும்.

லைட், சவுண்டு பற்றி: பெண் டெக்னீஷியன் கிடைக்கவில்லை என்று சொல்லாத அமைப்பாளரே இல்லை. கிடைக்கத்தான் மாட்டார்கள், யாரும் ஏணியில் ஏற விடவில்லையே. விழாவுக்கு மூன்று மாதம் முன்பே இரண்டு பெண்களை உங்கள் லைட்காரரிடம் உதவியாளராகச் சேர்த்து, சம்பளமும் கொடுங்கள். அடுத்த விழாவுக்கு ஆள் தயார்.

கலைஞர்களுக்குப் பணம் எவ்வளவு கொடுப்பது?

உங்கள் அரங்கில் மற்ற மாதங்களில் என்ன கொடுக்கிறீர்களோ அதற்குக் குறையாமல். ‘நல்ல நோக்கத்துக்காக நடக்கிறது, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்’ என்ற பேச்சு பெண்கள் விழாக்களில்தான் அதிகம் கேட்கும். ஒலிபெருக்கிக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பக்கவாத்தியம், பின்பாட்டு, மேக்கப் எல்லாருடைய தொகையையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கிராமியக் கலைஞர்கள் என்றால் ஏஜென்டிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், கையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். நிகழ்ச்சி முடிந்த அன்றே கொடுங்கள். சால்வையை வைத்து வயிறு நிறையாது, வீட்டில் மடித்து வைக்க இடமும் இல்லை.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

நிகழ்ச்சியைப் பொறுத்தது. அரங்குகள் வயது வரம்பை அறிவிப்பில் போட்டிருக்கும். கூத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் கூட்டி வாருங்கள், மைசூர்பாகு டப்பாவைத் திறக்கும் சத்தம் மட்டும் வேண்டாம்.

பார்வையாளராக நாங்கள் என்ன செய்யலாம்?

டிக்கெட் வாங்கி வாருங்கள், ஓசிப் பாஸுக்கு அலையாதீர்கள். பிடித்த கலைஞரின் பெயரைக் குறித்துக்கொண்டு, விழா முடிந்தபின் அதே அரங்கின் பொது நிகழ்ச்சிப் பட்டியலில் அவர் வருகிறாரா என்று தேடுங்கள். வராவிட்டால் மேலாளரிடம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பத்துப் பேர் கேட்டால் டைரியை எடுப்பார். உங்கள் ஊர்க் கோயில் கமிட்டியிலோ கல்லூரி விழாக் குழுவிலோ இருக்கிறீர்கள் என்றால், இந்த விழாவில் பார்த்த குழுவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு அடுத்த புக்கிங் தேவை, அதுவும் பெண்கள் தினம் இல்லாத ஒரு சாதாரண நாளில்.